விபூதி போட்டுத் தேய்த்த கார்

கரமனை அக்கிரகாரத்தில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் கார் எங்களுடையது. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பெருமை எல்லாம் என்றைக்கோ ஆற்றோடு போயாயிற்று. அந்தக் காருக்கு முதல் தடவையாக நாங்களே வீட்டில் பாலீஷ் போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லவேண்டியிருக்கிறது. என் கணவரின் கண்ணுக்கு ஆபத்து வந்திருக்கிறது என்று அந்தக் காலை வரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கண்ணுக்குச் சொந்தக்காரரான அவருக்கே தெரியாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் மராமத்து இலாகாவில் எஞ்சினீயர். ரோடு போடுவது, மதகு கட்டுவது, மழைக்காலத்தில் பெயர்ந்துபோன பாலத்தை நிமிர்த்துவது எல்லாம் அவர் வேலை. முக்காலியில் நிறுத்திய லெவல் குழாயில் ஒற்றைக் கண்ணை வைத்து, தூரத்தில் ஆள் பிடித்துக்கொண்டு நிற்கிற அளவுகோலின் எண்ணைப் படித்துச் சொல்வார். அவர் பார்த்துச் சொல்லிவிட்டால் தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடும் என்று ஆபீசில் பேச்சு. அந்தக் கண்ணை நம்பித்தான் வீட்டில் உலை வைத்துக்கொண்டிருந்தோம். நானும் அவரும், சின்ன வயதிலேயே கணவனைப் பறிகொடுத்துவிட்டு எங்களோடு வந்து இருந்த அவருடைய அக்காவும். குழந்தைகள் இல்லை. அந்தக் குறைக்குத்தான் கார் வாங்கியிருக்கிறார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும், வாய்க்கு யார் பூட்டுப் போட முடியும்?

மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய கறுப்பு வண்டி அது. மடக்கித் திறக்கிற கித்தான் கூரை. அக்கிரகாரத்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்பதால் காருக்கு வீட்டில் இடமில்லை. ஆற்றுக்கு இறங்குகிற சந்தில் ஓலை வேய்ந்து ஒரு ஷெட் போட்டார். டிரைவர் வைத்துக்கொள்ளுங்களேன் என்று நான் சொன்னால் அவருக்கு மூக்குமேல் கோபம் வந்துவிடும்.

"என் பல்லை நான்தானே தேச்சுக்கறேன்? அதுக்கு ஆள் வச்சிருக்கேனா?" என்பார்.

அக்கா அந்தக் காரில் ஒருநாளும் ஏறியதில்லை. சீட்டெல்லாம் மாட்டுத்தோல். விடிகாலையில் ஆற்றில் முழுகி, ஈரத்தோடு மடிப்புடவை சுற்றிக்கொண்டு வருகிறவர், ஷெட்டைத் தாண்டும்போது முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சந்தின் மறுகரையோடு ஒதுங்கிப் போவார். கார் தன்மேல் பாய்ந்து தீட்டாக்கிவிடும் என்ற பயம்.

அந்த வருஷம் வைகாசி நடுவில் எடவப்பாதி மழை பிடித்ததிலிருந்து என் கணவருக்கு எதைப் பார்த்தாலும் குறைதான். காலையில் பத்திரிகையைப் பிரித்தால், "என்ன அச்சு அடிக்கறான் இவன், வரிக்கு நடுவிலே எழுத்தையே காணோம்" என்பார். சாயங்காலம் விளக்கைப் போட்டால், "கரண்டிலே கள்ளத்தனம் பண்றான். பல்பு எரியறதா அழறதா?" என்பார். நான் ஸ்டூல் போட்டு ஏறி பல்பையெல்லாம் துடைப்பேன். இறங்குவதற்குள், "துடைச்சியா இல்லையா?" என்று கேட்பார். லெவல் குழாயின் கண்ணாடிக்குள் பூசணம் பூத்துவிட்டது என்று அதை மதராசுக்கு அனுப்பினார். கருவியில் ஒரு குறையும் இல்லை என்று அது அப்படியே திரும்பி வந்தது. "பிரிச்சே பாத்திருக்க மாட்டான்கள், மடையன்கள்" என்று அவர்களையும் திட்டினார்.

எனக்கும் பொறுமை ஒரு அளவுக்குத்தானே? "ஏன்னா, ஊரிலே இருக்கற எல்லாத்துக்கும் குத்தம் சொல்றேளே, ஒருவேளை வெள்ளெழுத்தா இருக்குமோ என்னவோ. ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுண்டா என்ன?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு இலையில் மோர் வேண்டுமா என்று கேட்டதற்கு அக்காவைப் பார்த்துப் பதில் சொன்னார். அவ்வளவு ரோஷம்.

ஆவணி பிறந்து மழை விட்டதும் கார் மேல் வந்தது குற்றம். "வண்டி மங்கிப்போச்சுடீ. துரை கிட்டேர்ந்து வாங்கறப்போ கண்ணாடி மாதிரி இருந்தது, இப்போ கரிச்சட்டி மாதிரி இருக்கு" என்றார். ஒரு மழைக்காலம் முழுக்க ஓலை ஷெட்டில் நின்ற வண்டி மங்கித்தான் இருந்தது. அதனால் இந்த ஒரு குற்றத்தை மட்டும் நானும் ஒத்துக்கொண்டேன்.

அதே வாரம் இன்னொரு செய்தியும் வந்தது. சீஃப் எஞ்சினீயர் திங்கட்கிழமை விழிஞ்ஞம் ரோட்டைப் பார்க்கப் போகிறார். இவர் காரில், இவரே ஓட்ட, கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த ரோடு முழுக்க இவர் போட்டது. அதைப் பார்த்துத் திருப்தியாகிவிட்டால் தெற்கே ஒரு டிவிஷனையே இவர் கையில் கொடுப்பதாக ஆபீசில் பேச்சு. இவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்து வெகு காலமாகியிருந்தது. வண்டியைப் பளபளவென்று பண்ணியே தீருவது என்று நின்றார்.

கிழக்கேகோட்டையிலும் சாலை பஜார்க் கடைகளிலும் அலைந்து பார்த்தார். காருக்குப் போடுகிற பாலீஷ் டப்பா எங்கும் இல்லை. யுத்தம் வந்ததிலிருந்து சீமைச் சாமான் எதுவுமே கப்பலில் வருவதில்லை. சனிக்கிழமை மத்தியானம் வெயிலில் கறுத்துப்போய்த் திரும்பி வந்தவர், கூடத்தில் செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே நின்றுவிட்டார். அக்கா பூஜை வெள்ளிப் பாத்திரங்களைப் பரப்பிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதை எதைப் போட்டுத் தேய்க்கறாய்?"

"இத்தனை வருஷமா இந்த வீட்டிலே இருக்காய், இப்போதான் கேக்கறாய். விபூதி போட்டாக்கும். ஈரத்துணியாலே ஒரு தரம், காஞ்ச துணியாலே ஒரு தரம்."

"எப்போ நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?"

"இதிலே என்ன பெரிய வித்தை? துணியிலே கறுப்பு வரவரைக்கும் அழுக்கு இருக்குன்னு அர்த்தம். துணி வெள்ளையா வந்தா அழுக்கு போச்சு. செருப்பை வெளியிலே விடுடா முதல்லே."

அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து விபூதியை விரலில் எடுத்துக் கசக்கிப் பார்த்தார். "வெள்ளியையே கீறாத பொடி, பெயிண்டை என்ன பண்ணிடப் போறது? டெஸ்டும் சுலபமா இருக்கு" என்றார்.

அக்காவுக்கு விஷயம் புரிந்ததும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார். "சிவ சிவா! மாட்டுத்தோல் சீட் போட்ட வண்டிக்கு விபூதியா? நெத்திக்கு இட்டுக்கறதைச் சக்கரத்துக்குப் பூசுவியாடா?"

"சக்கரத்துக்கும் இல்லை, சீட்டுக்கும் இல்லை, மேலுக்கு மட்டும். விபூதி பசுஞ்சாணிதானே? சீட்டுத் தோலும் அங்கேர்ந்துதானே வந்தது? ரெண்டும் ஒரே வீட்டுச் சரக்குதான் அக்கா."

"வாய் மட்டும் குறைச்சலில்லை" என்றார் அக்கா. என்றாலும் மறுநாள் காலை ஒரு டப்பா நிறைய விபூதியைச் சலித்துக் கொடுத்தார். தம்பி கேட்டு அவர் இல்லையென்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளி நிறுத்தினோம். அவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். அக்கா மடியோடு சந்தின் மறுகரையில் நின்றபடி, "அழுத்தித் தேய், வட்டமா தேய்க்காதே, நீளவாக்கிலே தேய்" என்று அதிகாரம் பண்ணினார்.

முதலில் மட்கார்ட், பிறகு கதவு. ஈரத்துணியில் விபூதியைத் தொட்டுத் தேய்த்தோம். துணி கறுகறுவென்று வந்தது. "பாத்தியா எவ்வளவு அழுக்கு! இத்தனையையும் சுமந்துண்டு ஊரைச் சுத்தியிருக்கேன்" என்று அவர் துணியைத் தூக்கிக் காட்டினார். எனக்கும் ஒரே உற்சாகம். கறுப்புப் பெயிண்டைத் தேய்த்தால் பெயிண்டின் கறுப்பே துணியில் வரும் என்று எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வெள்ளி வெளுப்பாக இருந்துகொண்டு அழுக்கை மட்டும் விடும். அந்த நியாயத்தைக் கொண்டுவந்து கறுப்பு வண்டியின் தலையில் கட்டினோம். மேலாக இருந்த செத்த பெயிண்ட் போனதும் கதவு மினுங்கத்தான் செய்தது. அதில் என் முகம் தெரிந்தது. இதுவரைக்கும் போதும் என்று அப்போதே நிறுத்தியிருந்தால் வண்டியாவது பிழைத்திருக்கும்.

பிறகு பானெட்டுக்கு வந்தார். எஞ்சினை மூடுகிற அந்த நீளத் தகட்டின் நடுவில் குனிந்து பார்த்துவிட்டு, "இங்கே ஒரு கறை இருக்கு" என்றார்.

நான் பார்த்தேன். கறை ஒன்றும் இல்லை. "எங்கே?"

"இதோ, உள்ளங்கை அகலத்துக்கு. கண்ணு தெரியலையாடீ உனக்கு?"

அதை அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. சுத்தமாத்தானே இருக்கு?"

அவர் அந்த இடத்தைத் தேய்த்து, துணியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். துணி கறுப்பு. "பின்னே இது எங்கேர்ந்து வந்தது?"

நான் என்ன சொல்ல? என் கண் கறை இல்லை என்றது, துணி இருக்கிறது என்றது. நான் துணியை நம்பினேன். நானும் இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரியாத அந்தக் கறையை அவரோடு சேர்ந்து தேய்த்தேன். வெயில் ஏறிக்கொண்டே போனது. தோள் விட்டுப்போயிற்று. அவர் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். வேறு எந்த இடத்தையும் அவர் தொடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் கைக்கு அடியில் செங்கல் பொடி நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. கறுப்புக்கு அடியில் பூசியிருந்த சிவப்புப் பூச்சு.

"ஏன்னா, நிறுத்துங்கோ! பெயிண்ட் போறது. சிவப்பா வரது பாருங்கோ!"

"எங்கே?"

"உங்க கைக்கு அடியிலேதான்."

அவர் கையை எடுத்துவிட்டு அந்தச் சிவப்பை நேராகப் பார்த்தார். அங்குலம் தப்பாமல் அதையேதான் பார்த்தார். "எனக்குச் சிவப்பும் தெரியலை, பச்சையும் தெரியலை. கறைதான் தெரியறது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நாளைக்குப் பெரிய அதிகாரி ஏறப்போகிற வண்டி, இந்தப் பிடிவாதக்காரர் இப்படிச் சுரண்டிக்கொண்டிருக்கிறாரே என்று கத்தினேன். சாதம் குழைகிறது, அடுப்பு அணைகிறது, மனுஷருக்குச் சொன்னால் கேட்கிற வழக்கமே கிடையாதா என்று என்னென்னவோ சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிவப்பும் போய் வெறும் தகரம் வெளுப்பாகத் தெரிந்தது. அப்போது அவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கி, புதிய பக்கமாக மடித்து, நானே அந்த இடத்தை ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினேன். பெயிண்டே இல்லாத இடத்தில் எது ஒட்டும்? துணி வெளுப்பாகவே வந்தது.

"இதோ! அக்கா சொன்ன மாதிரி துணி வெள்ளையா வந்துடுத்து. போறுமா?"

அவர் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் துணியைப் பார்த்தார். ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. துணி வெளுப்பாக இருப்பது அவருக்குத் தெரிந்தது. பிறகு பானெட்டைப் பார்த்தார். அவர் உதடு மட்டும் அசைந்தது. "கறை அப்படியே இருக்கே" என்றார். கத்தவில்லை, கோபிக்கவில்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உன் மூஞ்சியிலே கரி ஒட்டிண்டிருக்கு."

கறுப்புத் துணியோடு மல்லுக்கட்டியவள்தானே, ஒட்டியிருக்கும் என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

"இன்னும் இருக்கு."

மறுபடியும் துடைத்தேன்.

"போகலை" என்றார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். முற்றத்தில் தண்ணீரை வாரி முகத்தில் அடித்துக் கழுவிக்கொண்டு, கூடத்துக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். முகத்தில் ஒரு பொட்டுக் கரி இல்லை. குங்குமம் கூடக் கரைந்துபோய், வெறும் முகம் கண்ணாடியில் நின்றது. பத்திரிகை அச்சும் பல்பும் லெவல் குழாயின் பூசணமும் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு விளங்கிவிட்டன.

திரும்பிப் போனபோது அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷெட்டின் தூணைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், தன் உள்ளங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்து, "போச்சா?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரியவில்லை.

"அக்கா, நீ சொல்லு. இங்கே கறை இருக்கா இல்லையா?"

அக்கா வாய்மையில் அரிச்சந்திரன் வீட்டுப் பெண். பக்கத்து வீட்டுக்காரி புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், நன்றாயில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுகிறவர். அவர் சந்தின் மறுகரையிலிருந்து இறங்கி வந்தார். மடிப்புடவையோடு, முந்தானையை இழுத்துப் பிடிக்காமல், அந்தக் காரின் பக்கத்தில் வந்து நின்று பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக.

"இருக்குடா" என்றார். "நன்னா தெரியறது. கறுப்பா, உள்ளங்கை அகலத்துக்கு. இவளுக்கு என்ன தெரியும்? நீ தள்ளு, நான் தேய்க்கறேன்."

என் கையிலிருந்த துணியை வாங்கி, டப்பாவிலிருந்து விபூதியை அள்ளிப் போட்டு, வெறும் தகரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"அக்கா, நீ பொய் சொல்றாய்."

"என் ஆயுசிலே நான் பொய் சொன்னதில்லை" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தார். கண்ணிலிருந்து நீர் மூக்கு நுனி வழியாக அந்தத் தகரத்தில் சொட்டி விபூதியோடு குழைந்தது.

என் கணவர் காரின் ஃபுட்போர்டில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குச் சம்சயம் இருந்தது. மழை பிடிக்கறதுக்கு முன்னாடியே இருந்தது. பழியைப் பத்திரிகைமேலே போட்டேன், பல்புமேலே போட்டேன். இது வண்டியிலேயே இருக்கட்டும், வண்டியிலேயே இருக்கட்டும்னு வேண்டிண்டுதான் தேச்சேன்." அக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை. அந்த விபூதியை நெற்றியில் இடாத நாள் என் கணவருக்கு இருந்ததில்லை, அது என்ன கைம்மாறு செய்தது பார் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

திங்கட்கிழமை இவருக்குக் காய்ச்சல் என்று சீஃப் எஞ்சினீயருக்குச் சொல்லி அனுப்பினோம். வேறொருவர் வண்டியில், வேறொருவர் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைக் காட்ட, அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். ரோடு மிக நன்றாக இருக்கிறது என்று புகழ்ந்தாராம். அந்தப் புகழ்ச்சியை ஆள் வந்து சொன்னபோது இவர் சரி என்று மட்டும் சொன்னார்.

கண் டாக்டர் இருட்டறையில் உட்காரவைத்து நெடுநேரம் பார்த்தார். இவரிடம் இங்கிலீஷில் நீளமாகப் பேசிவிட்டு, எனக்காக மலையாளத்தில் சுருக்கிச் சொன்னார். விழிக்குப் பின்னால் இருக்கிற நரம்பு வற்றிக்கொண்டு வருகிறதாம். மருந்தில்லை, கண்ணாடியில்லை, கத்தி வைக்கவும் வழியில்லை. முழு இருட்டாகாது, ஓரங்கள் தங்கும், நடு மட்டும் போய்விடும் என்றார்.

"அப்போ இவருக்கு என்னதான் தெரியும்?" என்று கேட்டேன்.

"எதை நேராகப் பார்க்கவில்லையோ அது தெரியும்" என்றார் டாக்டர். அவர் நல்ல மனுஷர், வேண்டுமென்று சொன்னதல்ல. என்றாலும் இப்படி ஒரு தண்டனையை எந்தப் பாவி யோசித்து வைத்தான் என்று எனக்கு அங்கேயே கத்தவேண்டும்போல் இருந்தது.

வெளியே வந்ததும் இவர் கோயிலுக்குப் போகலாம் என்றார். பத்மநாபசுவாமி சன்னிதியில் ஒற்றைக்கல் மண்டபத்தில் நின்றோம். படுத்திருக்கிற பெருமாளை அங்கே மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்கவேண்டும். ஒன்றில் முகம், நடுவில் நாபிக் கமலம், மற்றதில் பாதம். அவர் நடு வாசலுக்கு நேரே கைகூப்பி நின்றார். "தலைமாட்டிலே கொஞ்சம் வெளிச்சம் தெரியறது. கால்மாட்டிலே கொஞ்சம். நடுவிலே கரி" என்று என் காதோடு சொன்னார். அதற்கப்புறம் நான் அந்தச் சன்னிதியில் போய் எதையும் கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

லெவல் குழாயில் எண் படிக்க முடியாதவருக்கு மராமத்தில் என்ன வேலை? அந்த வருஷம் முடிவதற்குள் வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கார் ஷெட்டிலேயே நின்றது. தேய்த்த இடத்தில் துரு பிடித்து, கறையே இல்லாதிருந்த இடத்தில் உண்மையாகவே ஒரு கறை வந்துவிட்டது. நாஞ்சில்நாட்டிலிருந்து வந்து சாலை பஜாரில் கடை வைத்திருந்த ஒரு வியாபாரி வாங்கிக்கொள்ள வந்தார். அவர் வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது இவர் பிடிவாதமாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வண்டியிலே ஒரு கறை இருக்கு. அப்புறம் சொல்லலைன்னு சொல்லப்படாது."

வியாபாரி பானெட்டைப் பார்த்தார். "கறைக்கு என்ன சாமி, துருல்லா பிடிச்சிருக்கு. ஒரு பெயிண்ட் அடிச்சா போயிரும்லா."

"போகாது" என்றார் இவர். நீட்டிய அவர் விரல் பானெட்டைக் காட்டவில்லை, அந்த வியாபாரியின் முகத்தைக் காட்டியது. வியாபாரி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கார் போய், அக்காவும் போய்ச் சேர்ந்து, வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம். பார்ப்பதற்கு அவரே ஒரு வழி பழகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவேண்டும் என்று தோன்றினால் எனக்குப் பக்கத்துச் சுவரைப் பார்ப்பார். அப்போது கண்ணின் ஓரத்தில் நான் மங்கலாக, கரியில்லாமல் தெரிவேனாம். "காதோரம் நரைச்சுடுத்தே உனக்கு" என்று ஒருநாள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வந்துபோகிறவர்கள், இந்த வயதில் இவர்களுக்குள் முகம் பார்த்துப் பேசாத அளவுக்கு என்ன சண்டை என்று நினைத்துக்கொண்டு போனார்கள். நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

கடைசி வருஷத்தில் அவர் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டார். ஓரத்தில் இருந்ததும் மெலிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும், அவர் சொல்லவில்லை. நான் காப்பி கொண்டுபோய் வைத்தால் நிமிர்ந்து, ஊரில் எல்லாக் கணவன்மாரும் பார்ப்பது போல, நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். ஒவ்வொரு தடவையும் நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.